பள்ளிக்கூடம் தர்மமல்ல, நம் குழந்தைகளின் உரிமை!
(வில்லாபுரத்தில் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வில்லாபுரம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் நிற்பவர் தோழர் லீலாவதி. 1996ல் இவ்வட்டாரத்து ஜனங்கள் அவரை மாநகராட்சிக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். குடிதண்ணீரை விற்றுக் கொழுத்தவர்களை எதிர்த்து, வீதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடினார். 1997 ஏப்ரல் 23ந் தேதி அவரை வெட்டிச் சாய்த்தார்கள். தண்ணீர் யாரும் போடும் தர்மமல்ல என்று நமக்குக் கற்பித்தவர் அவர். இன்று நாம் பேச வந்த விஷயமும் அதே ரகம்தான்.

கூப்பிட்டால் திரும்பிப் பாராத குழந்தை; சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை; கணக்கை வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, எழுதும்போது தடுமாறும் குழந்தை. இப்படிப்பட்ட குழந்தைகள் நம் தெருவில் இல்லையா? ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு என்று மருத்துவம் இவற்றுக்குப் பெயர் சொல்கிறது. இது பெற்றவளின் குற்றமல்ல, கர்மவினையல்ல, காத்துக் கருப்புமல்ல.

மூடநம்பிக்கையும் சர்க்காரின் அலட்சியமும் சேர்ந்தால் என்ன நேரும்? 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களுடைய நோய் வேறு, நம் குழந்தைகளின் நிலைமை வேறு. ஆனால் ஏழைக் குடும்பத்துக்குக் கைகொடுக்க நாதியில்லை என்பது இரண்டுக்கும் பொது.

மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்த கையோடு, நம் தோழர் ஒருவர் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனார். "இவனால் மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும், வேறு இடம் பாருங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் தலைகுனிந்து திரும்பினார். மறுவாரம் நாங்கள் ஐந்து பேர் அவரோடு போனோம். "சேர்க்க மாட்டோம் என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டோம். எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. பையன் இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கிறான்.

ஏன் துணியவில்லை? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1995ம் வருஷச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. ஆட்டிசத்துக்கு அதில் இடமில்லை. 2016ம் வருஷச் சட்டம் அதை 21 வகையாக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. சர்க்காரின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கும்படி செய்வது சர்க்காரின் கடமை என்கிறது 16வது பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உண்டென்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது 31வது பிரிவு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், 6 முதல் 8ம் வகுப்பு வரை 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2022 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அறிவிக்கை வெளியிட்டது. நடைமுறையில் என்ன கண்டோம்? ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக உழைக்கிறார். அவரும் நம் வர்க்கமே. அவர் மீது கோபிக்காதீர்கள்! புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25ம் வருஷத்தில் தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. சிறப்புப் பயிற்றுநரின் சம்பளமும் அந்தத் திட்டத்துப் பணம்தான்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டிச் சான்றும் அடையாள அட்டையும் வாங்குங்கள்.

இரண்டு: எதையும் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலையும், கொடுத்ததற்கு ரசீதையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: வட்டார வள மையத்துக்குப் போங்கள். இந்தக் குழந்தைக்கு அடுத்த மூன்று மாதத்தில் என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தைக்கு எது பிடிக்கும், எது பயம் என்பதை நீங்கள் சொல்லுங்கள். பள்ளிப் படிப்பில்லாத தாயானாலும், தன் பிள்ளையைப் பற்றி அவளைவிட அறிந்தவர் யார்?

நான்கு: கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள்.

ஐந்து: தனியாகப் போகாதீர்கள்! நாற்று நடும் தாய் ஒருநாள் ஆபீசுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஐந்து குடும்பங்கள் கூடி, முறை வைத்துப் போங்கள். போகிறவரின் கூலி நஷ்டத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில், ஐந்து பேரின் மகஜரை ஒன்றாகக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளும், அவர்களைப் பாதுகாக்கும் பெற்றோரும் ஒரே சங்கமாகத் திரண்டு தமிழ்நாடெங்கும் போராடி வருகிறார்கள். பல மறியல்களுக்குப் பிறகு, 1,500 ரூபாயாக இருந்த மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. அது போதாது, ஆனால் சும்மா வந்ததுமல்ல.

தோழர்களே! குழந்தையை வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். கையைப் பிடித்துத் தெருவுக்கு அழைத்து வாருங்கள். பள்ளிக்கூட வாசல் வரை நாங்களும் கூட வருகிறோம்.