குதிரைக்குத் தெரியும் நம் பயம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்து லயத்தில் பிறந்த நான், பிழைப்புக்காகக் குதிரை லாயத்துக்குப் போனவன். ஒரு சவாரி கிளப்பில் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "சவாரி பணக்காரங்க விளையாட்டாச்சே, நமக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் லாயத்தில் நான் கற்ற பாடம் எல்லா வீட்டுக்கும் உதவும்.

2009-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலர் குதிரையை நடத்திக்கொண்டும், சிலர் அதன்மேல் ஏறியும் ஒரே பாதையில் நான்கு தடவை போனார்கள். நான்காம் தடவைக்கு முன், "நீங்கள் கடக்கும்போது ஒருவர் குடையை விரிப்பார்" என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு கூடியது. குதிரையின் துடிப்பும் சேர்ந்து கூடியது! குடையைப் பற்றிக் குதிரைக்கு யார் சொன்னது? கயிற்றைப் பிடித்த கை சொல்லியிருக்கும். இறுகிய கால் சொல்லியிருக்கும்.

2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன ஐம்போட்டியில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முன்னணியில் இருந்தார். அடுத்தது சவாரி. அதில் சொந்தக் குதிரை கிடையாது. குலுக்கலில் வந்த குதிரையோடு பழக இருபதே நிமிடம். செயின்ட் பாய் என்ற அந்தக் குதிரை, முன்பே இன்னொரு வீராங்கனையிடமும் முரண்டு பிடித்திருந்தது. ஷ்லோய் சேணத்தில் அமர்ந்தபடியே அழுதார்; குதிரை மேலும் மிரண்டது. வெளியே நின்ற பயிற்சியாளர் "அடி" என்று கத்தினார். தாமும் கையால் குத்தினார். தங்கம் போயிற்று. பயிற்சியாளர் விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து சவாரியே எடுக்கப்பட்டது.

நல்ல பயிற்சியாளர்கள் "விழுந்திடாதே" என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் மனம் விழுவதையே நினைக்கும். "நிமிர்ந்து உட்கார், அடுத்த தடையைப் பார், மூச்சை மெதுவாக விடு" என்பார்கள். போட்டிக்கு முன்னே வீரர்கள் களத்தை நடந்தே பார்த்து, தடைக்குத் தடை குதிரைக்கு எத்தனை எட்டு என்று எண்ணி மனத்தில் பதித்துக்கொள்வார்கள். பயத்துக்கு மருந்து இந்தத் தயாரிப்புதான்.

பெற்றோர்களே, ஒரு தகப்பனாக உண்மையைச் சொல்கிறேன். என் மகள் சோதனைக்குக் கிளம்பிய காலையில், "கோட்டை விட்டுடாதே, மானம் போயிடும்" என்று வாசலிலேயே மூன்று தடவை சொன்னேன். அவள் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. குதிரையிடம் காட்டிய பொறுமையை, பெற்ற பிள்ளையிடம் காட்டவில்லையே! அன்று குடையை விரித்தவன் நான்தான்.

மாணவச் செல்வங்களே, பயம் வருவது குற்றமில்லை. மூச்சை மெதுவாக விடுங்கள். முதல் கேள்வியை மட்டும் பாருங்கள்.

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளைத் தட்டிக்கொடுங்கள். வெறுங்கையோடு வரும் பிள்ளையின் கையைப் பிடிக்குமுன், உங்கள் கை நடுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.