தழும்பு இல்லாத காயம்

போர் தரும் காயங்களில் எதனை இலக்கியம் பாடியிருக்கிறது, எதனைக் காணாது விட்டிருக்கிறது என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் பேசலாம் என எண்ணுகிறேன்.

எமது புறப்பாடல்கள் காயத்தைத் தரம் பிரித்தன. முகத்திலும் மார்பிலும் பட்டால் விழுப்புண், அது பெருமை. முதுகிலே பட்டால் புறப்புண்; அது நாணம். வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிற் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையாரும் வெண்ணிக்குயத்தியாரும் அதனைப் பாடினர். பெருமையாயினும் நாணமாயினும் புண் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அது பாடுபொருளாயிற்று.

முதலாம் உலகப் போர் இக்கணக்கைக் குழப்பிற்று. நச்சுவாயுவுக்கு மார்பும் முதுகும் ஒன்றே. அது மூச்சோடு உள்ளே போயிற்று. போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பரிற் களத்திலே இறந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன், வாயுவில் அகப்பட்டுத் திணறிய வீரனைக் கவிதையாக்கினார். ஆனால் அதுவும் சாவைப் பற்றிய கவிதையே. சாகாமல் வீடு திரும்பி, ஆண்டுக்கணக்காக மூக்கடைப்போடு வாழ்பவனை யார் பாடுவது?

நாட்பட்ட பீனிசத்தைத்தான் சொல்கிறேன். தடிமன் என்று நாம் எளிதாகத் தள்ளிவிடும் நோய். நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கிடையிலும் எலும்புக்குள்ளே காற்றறைகள் உள்ளன. அவற்றிற் சுரக்கும் சளியை நுண்ணிய மயிர்கள் சிறு துவாரங்கள் வழியே மூக்கினுள் தள்ளுகின்றன. புகையும் தூசும் உட்சவ்வை வீங்கச் செய்தால் துவாரம் அடைபடும், சளி தேங்கும், கிருமி பெருகும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியர்கள் அதனை நாட்பட்டது என்பர். மருந்தெடுத்து, வேது பிடித்துச் சற்றுத் தணிந்தாலும் மீண்டும் வரும்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சேவையாற்றிய அமெரிக்கப் படைவீரர் பலர் இந்நோயோடு வாழ்கின்றனர். முகாம்களின் கழிவுகள் திறந்த குழிகளில் எரிக்கப்பட்டன. பிளாஸ்டிக், ரயர், பற்றரி, வைத்தியக் கழிவு, மலம் யாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினர். பக்தாத்துக்கு வடக்கே பலாத் தளத்திலிருந்த குழி ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்புடையது. அதன் கரும்புகை படையினர் உறங்கும் இடத்தையும் மூடிற்று.

ஊர் திரும்பியவர்கள் உதவி கேட்டபோது, நோய் படைச்சேவையால் வந்ததென்று அவர்களே நிறுவ வேண்டியிருந்தது. குண்டு பாய்ந்த இடத்தைத் தொட்டுக் காட்டலாம். பத்தாண்டுகளுக்கு முன் சுவாசித்த புகையை எங்ஙனம் காட்டுவது? 2021 ஆகஸ்டில் அந்நாட்டு முன்னாள் படைவீரர் திணைக்களம் ஆஸ்துமாவோடு நாட்பட்ட பீனிசத்தையும் சேவையால் வந்த நோயாகக் கொள்ள முன்வந்தது. 2022 ஆகஸ்ட் 10ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சட்டம் அதனை உறுதி செய்தது. நுரையீரற் புற்றுநோயால் 2020இல் இறந்த ஹீத் றொபின்சன் என்ற படைவீரரின் பெயரை அச்சட்டம் தாங்கியுள்ளது. குறித்த நாட்டில் குறித்த காலத்திற் சேவையாற்றியமையும் நோய் இருப்பதும் தெரிந்தாற் போதும். புகைக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

நேயர்களே, சட்டம் செய்யக்கூடியது இவ்வளவுதான். சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிகையில் நெற்றி பிளப்பது போலிருப்பதை அது எழுதாது. மனைவி சமைத்த கறியின் வாசனை தெரியாமல், நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுபவனின் தனிமையையும் எழுதாது. அவற்றை எழுத வேண்டியது கதையும் கவிதையுமே.

இன்னொன்றும் உண்டு. குழிகளுக்கு அருகே வாழ்ந்த ஈராக்கிய மக்களும் அதே காற்றையே சுவாசித்தனர். அவர்களுடைய குழந்தைகளும் சுவாசித்தன. அமெரிக்கச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. புகை ஆளைப் பிரித்துப் பார்க்கவில்லை, சட்டம் பிரித்துவிட்டது.

போரை எழுத முனையும் இளம் எழுத்தாளர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். களத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள். போர் ஓய்ந்து ஆண்டுகள் சென்ற பின், இரவிலே படுக்கையில் எழுந்திருந்து வாயால் மூச்சுவிடும் மனிதனிடமும் செல்லுங்கள். அவன் எந்தப் பக்கத்தவன் என்று கேட்பதற்கு முன், அவனுக்கு எவ்வாறு நோகிறது என்று கேளுங்கள்.