ஜாமீன் கிடைத்தது, மாத்திரை?



ஜாமீன் உத்தரவு சிறைக்கு வந்து சேர, பல நாள் சாயங்காலம் ஆகிவிடும். கையெழுத்து, கைரேகை, உள்ளே வந்த அன்று ஒப்படைத்த சட்டை, பணம் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கேட்டைத் திறக்கும்போது இருட்டியிருக்கும். வெளியே வருபவர் உள்ளே இருந்த காலம் முழுக்க மனநோய்க்குத் தினம் ராத்திரி மாத்திரை சாப்பிட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ராத்திரி மாத்திரையை யார் கொடுப்பது?

இந்தியச் சிறைகளில் 2022 முடிவில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிக்காவது விடுதலைத் தேதி ஓரளவு முன்கூட்டியே தெரியும். விசாரணைக் கைதிகளுக்கோ, கோர்ட்டு என்றைக்குச் சொல்கிறதோ அன்றைக்குத்தான். மனச்சிதைவுக்கான மாத்திரை திடீரென்று நின்றால், அடங்கியிருந்த குரல்கள் மறுபடி காதில் கேட்கத் தொடங்கலாம். தூக்கம் போகும். வாய்தா தேதி மறந்துபோகும். வாரண்ட் வரும். புதிதாக ஒரு குற்றமும் செய்யாமலே திரும்ப உள்ளே!

மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல சிகிச்சை நிலையம் வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பிரிவின் பார்வை பெரும்பாலும் மதிலுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

நோய் தேறினால்கூட வழி திறக்காத கதை ஒன்று உண்டு. அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951-ல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் இவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனையே சொன்னது. வீட்டுக்கு விடவில்லை, சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2005-ல், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். கைதாகி 54 வருஷம். அதற்குப் பின் இரண்டு வருஷம்தான் இருந்தார். மருத்துவரின் காகிதமும் கோர்ட்டின் காகிதமும் கடைசிவரை சந்திக்கவில்லை.

இந்தக் காகிதங்கள் சந்திக்க வழி உண்டு. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே மருந்துச் சீட்டின் நகல் ஒன்றைக் கைதியின் கோப்பில் வைத்துவிடலாம். வெளியே விடும்போது கூடவே இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

சிறையில் சொந்தக்காரர் இருந்தால், மனு பார்க்கப் போகும்போது என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அதைக் காட்டலாம். எங்கே போவதென்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.