சொன்ன நோக்கமும் தாண்டிய எல்லையும்

களப்பணியாளர்களும் மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் கணினித் துறையினரும் ஒரே அரங்கில் கூடியிருக்கிறீர்கள். தொண்டு நிறுவனங்கள் தம்மிடமுள்ள நோயாளர் தகவல்களை யாருடன், எந்த விதிப்படி பகிரலாம் என்பதே நம் கருத்தரங்கின் பொருள்.

விவாதத்திற்கு அடிப்படையாக ஒரு வழக்கை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினரிடம் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த மாதிரி எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பி மக்கள் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், முன்னோரின் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. அக்குலத்தைச் சேர்ந்த ஒருவர் 2003-இல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

இங்கே எந்தக் கணினியையும் யாரும் உடைக்கவில்லை. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் இருந்தது. ஆனால் அதன் வாசகம் பொதுப்படையானது. நோக்கம் மாறும்போது யாரைக் கேட்க வேண்டும் என்ற விதிதான் இல்லை.

கனடாவின் முதற்குடி மக்கள் அந்த விதியைத் தாங்களே வகுத்தார்கள். தம் மக்களைப் பற்றிய தகவலின் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தமக்கே என்ற கொள்கையை 1998-இல் முன்வைத்தார்கள். இன்று அவர்களுடைய இலாப நோக்கற்ற மையம் ஒன்று அக்கொள்கைப்படியே நல ஆய்வுகளை நடத்துகிறது.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டு, ஆளுநரின் பதிவையே ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி அடையாளம் கண்டார். நாம் பணிபுரியும் சிற்றூர்களில் வயதும் அரிய நோயின் பெயரும் தெரிந்தாலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெறும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்கிறது. ஆனால் உடல்நலத் தகவலை அது தனி வகையாகப் பிரிக்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் தகவலுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக்காப்பு தருகிறது. காசநோயாளிக்கு அதற்கு இணையான கவனத்தை நாம்தான் தர வேண்டும்.

ஆகவே அமர்வுகளின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு பகிர்வுக்கும் நோக்கமும் முடிவு நாளும் எழுத்தில் இருக்கட்டும். நோக்கம் மாறினால் மறு ஒப்புதல் கேட்கப்படட்டும். அனுமதி தரும் குழுவில் நோயாளர் தரப்பினர் வாக்குரிமையுடன் அமரட்டும். கருத்தரங்கு முடிவதற்குள் இவற்றை ஒரு மாதிரி விதித்தொகுப்பாக எழுதி முடியுங்கள்.