ஆக்கிய மொழியில் ஒரு பனிக்கால வாழ்த்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிப் பூதப்பாண்டியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தைப்பொங்கலன்று காலையில் தமிழ்நாட்டு ஊர்களில் ஒருவரையொருவர் காண்போர் கேட்டுக்கொள்வது ‘பால் பொங்கிச்சா?’ என்பது. ‘பொங்கிச்சு’ என்பது மறுமொழி. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்னும் தொடர் அச்சும் அஞ்சலும் கொண்டுவந்த வாழ்த்து அட்டையோடு பரவியது. அதில் ஒற்று மிகுமா மிகாதா என்னும் வழக்கும் கூடவே வந்தது. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய கேள்விக்கு அந்தத் தொல்லை இல்லை. அது வாழ்த்து என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத வாழ்த்து. கேட்கப்படுபவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது, பானை ஏற்றியாயிற்று என்னும் நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. மறுமொழி வாராவிடின் அது முற்றுப்பெறுவதில்லை.

யாருக்கும் தாய்மொழியாக இல்லாத, ஒருவர் தம் மேசைமுன் அமர்ந்து ஆக்கிய மொழியில் இத்தகைய பண்டிகை வாழ்த்து அமையக்கூடுமா என்பதே இவ்வுரையின் பொருள். விளையாட்டுப்போலத் தோன்றும். ஆயினும் சொல்லையே தொழிலாகக் கொண்டோர் புறந்தள்ளக்கூடிய விளையாட்டு அன்று.

பனிக்காலத்தின் நடுநாள் என்பது கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். டிசம்பர் 21 அல்லது 22. தைத் திங்களின் முதல் நாள் இன்று ஜனவரி 14ஐயோ 15ஐயோ ஒட்டி வருகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் அவை விலகிவிட்டன. ஆகவே பொங்கலும் கிறிஸ்துமஸும் ஒரே திருப்பத்தைக் கொண்டாடப் பிறந்த அண்டை வீட்டுப் பண்டிகைகள் எனலாம். இரண்டையும் ஒரே தெருவில் காணும் குமரி மாவட்டத்தாருக்கு இது புதிய செய்தி அன்று.

ஆக்கிய மொழிகளுள் இலக்கியச் செழுமை மிக்கவை ஜே. ஆர். ஆர். டோல்கீனுடையவை. ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர்; 1892இல் பிறந்து 1973இல் மறைந்தார். பின்லாந்து மொழியின் ஓசையில் மயங்கிக் குவென்யா என்றொரு மொழியையும், வெல்ஷ் மொழியின் ஓசையைத் தழுவிச் சிண்டரின் என்றொரு மொழியையும் ஆக்கினார். கதைக்காக மொழியை ஆக்கியவர் அல்லர். மொழி வாழ ஓர் உலகம் வேண்டுமென்று கதையை ஆக்கியவர். 1958இல் தம் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய மடலில் இதை வெளிப்படையாகவே கூறுகிறார். சந்திக்கும் நேரத்தின்மீது விண்மீன் ஒளிர்கிறது என்னும் கருத்துடைய குவென்யா முகமன் ஒன்று அவரிடம் முன்னமே இருந்தது. அது மக்கள் நாவில் வழங்கும் இயல்பான முகமனாக இருக்கும் ஒரு சூழலைப் படைப்பதே தம் பெருநூலின் நோக்கம் என்பது அவர் கூற்று. ஒரு முகமனுக்காக ஆயிரம் பக்கம்! வேறெந்தக் கவிஞரும் தம் ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டியதில்லை.

அம்முகமனின் பின்கதை தமிழர் காதில் சிறப்பாக விழவேண்டியது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் முதற்பகுதி 1954இல் வெளிவந்தபோது, ‘நம்முடைய சந்திப்பு’ எனப் பொருள்படும் அதன் இறுதிச்சொல் ‘ல்மோ’ என முடிந்தது. 1960களில் வந்த திருத்திய பதிப்பில் அது ‘ல்வோ’ ஆயிற்று. ஒரே ஒரு மெய்யெழுத்தின் மாற்றம். ஆங்கில வாசகர் பலருக்கு அது அச்சுப்பிழை நீக்கமாகவே தோன்றியிருக்கும். ஏனெனில் ஆங்கிலத்தில் ‘நம்’, ‘எங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல். குவென்யாவிலோ தமிழைப்போலவே கேட்பவரைச் சேர்த்த பன்மை வேறு, நீக்கிய பன்மை வேறு. இடைப்பட்ட ஆண்டுகளில் டோல்கீன் தம் மொழியின் இடப்பெயர்களைத் திருத்தியிருந்தார். பழைய விகுதியை அப்படியே விட்டிருந்தால், எதிரே நிற்பவரைப் பார்த்து ‘எங்கள் சந்திப்பு’ என்று சொல்லியதாகிவிடும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைத் தொல்காப்பியக் காலந்தொட்டு எண்ணிவரும் மரபினர்க்கு இந்தக் கவலை உடனே விளங்கும். ‘நாங்கள் பொங்கல் கொண்டாடுகிறோம்’ என்பது செய்தி. ‘நாம் கொண்டாடுகிறோம்’ என்பது அழைப்பு.

அவர் படைத்த உலகின் நாட்காட்டியில் பனிக்கால நடுவையொட்டியே ஆண்டு முடிந்து தொடங்குகிறது. இறுதி நாள் மெத்தாரே, முதல் நாள் யெஸ்தாரே. பெயர்கள் உண்டு, அந்நாட்களில் மாந்தர் என்ன சொல்லி வாழ்த்திக்கொண்டனர் என்பதை அவர் கதையில் எழுதவில்லை. ஆகவே ஆர்வலர்களே சொல் கூட்டி வாழ்த்து அமைக்கவேண்டியதாகிறது. குளிர்காலத்துக்கு ஹ்ரீவே என்றும், மகிழ்ச்சிக்கு அலஸ்ஸே என்றும் குவென்யாவில் சொற்கள் உள்ளன. விருந்துக்குச் சிண்டரினில் மெரெத். வாழ்த்துப் பொருளை ‘நை’ என்னும் இடைச்சொல் தருகிறது. ‘ஆகுக’ என்பதற்கு நெருங்கியது. அதனோடு எதிர்கால வினையைச் சேர்க்கவேண்டும். தமிழில் ‘க’, ‘இய’ என்னும் விகுதி ஒன்றே முடித்துவிடும் வேலை அது. வியங்கோளை இவ்வளவு எளிதாக வைத்திருக்கும் மொழியினர் அதைப் பாடநூலிலும் மணமடலிலும் மட்டும் அடைத்துவைத்திருப்பது விந்தையே.

ஆயினும் டோல்கீன் ஒரேயிடத்தில் பனிக்கால மடலில் தம் மொழியைக் கலந்தார். 1920 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதாகத் தம் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் நடுங்கும் கையெழுத்தில் மடல் எழுதிவந்தார். தாத்தாவின் துணைவனான பனிக்கரடி 1929ஆம் ஆண்டு மடலில் தன் சொந்த மொழியில் ஒரு வாக்கியம் எழுதுகிறது. வடதுருவ மொழி என்று பெயர், உடை குவென்யாவினுடையது. பொருள் வாழ்த்துகூட அன்று. விரைவில் மீண்டும் காணலாம் என்று விடைபெறுவது. அம்மடல்கள் அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1976இல் நூலாயின. அறிஞர்க்கென ஆக்கிய மொழியின் ஒரு வரிக்கு முதல் வாசகர் பண்டிகைக்குக் காத்திருந்த சிறுபிள்ளைகள். மொழி வீட்டுக்குள் வந்தது அவ்வழியே.

தமிழர் ஆக்கிய மொழியும் ஒன்றுண்டு. 2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ திரைப்படத்தின் காலகேயருக்காகக் கவிஞர் மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி அது. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பினால் ‘நிம்’, நீ. எதிர்ப்பொருளுக்கு எழுத்தைத் திருப்பும் இந்த உத்தி நயமானது. நானும் நீயும் ஒரே சொல்லின் இரு முகங்களாகின்றனர். ஆனால் படத்தில் அம்மொழியின் வேலை, கேட்பவரை நடுங்கவைப்பது. அரங்கில் இருப்போர்க்குப் புரியாமல் இருப்பதே அதன் வெற்றி. ‘நாங்கள்’ என்று மட்டும் பேசப் பிறந்த மொழி எனலாம். பின்னர் 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, யாவரும் கற்கும்படி எழுத்து வடிவத்தோடு அது இணையதளத்தில் வைக்கப்பட்டது. தாயில்லா மொழிக்குத் தாய்மொழி நாளில் திறப்புவிழா! நகைப்புக்குரியதன்று, அந்நாளில்தான் அது ‘நாம்’ என்று சொல்லத் தொடங்கியது.

எஸ்பெராண்டோ மொழியின் தந்தை சாமன்ஹோஃப் 1878 டிசம்பரில், பள்ளி மாணவராயிருந்தபோதே, தம் மொழியின் முதல் வடிவைத் தோழர் சிலரோடு கூடிக் கொண்டாடினார். அவர் பிறந்த டிசம்பர் 15ஐ அம்மொழியினர் இன்றும் பண்டிகையாகக் கொண்டாடி, நூல் வாங்கிப் பரிசளிக்கின்றனர். ஆக்கிய மொழிக்கு உண்மையான பனிக்காலப் பண்டிகை இது ஒன்றே. இலக்கண அழகில் குவென்யாவுக்கு ஈடாகாது. ஆனால் மறுமொழி சொல்ல ஆள் இருக்கிறது.

சொல்லை வேண்டுமென்றே ஆக்கி மக்கள் நாவில் ஏற்றும் முயற்சி இவ்வூருக்குத் தூரமானதன்று. 1907 ஆகஸ்ட் 21 அன்று பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, தனித்தமிழ்ப் பற்றால் ஜீவானந்தம் என்னும் பெயரை உயிரின்பன் என மாற்றிக்கொண்டார். மறைமலையடிகளைக் காணப் பல்லாவரம் சென்று அவர் கதவைத் தட்டியபோது, அஞ்சற்காரரோ என வினவிய குரல் உள்ளிருந்து ஆங்கிலச் சொல்லோடு வந்ததாகவும், அதன்பின் ஜீவா பழைய பெயருக்கே திரும்பியதாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எப்படியாயினும், பெயர் திரும்பியது உண்மை. அதே இயக்கக் காலத்தில் ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் ‘வணக்கம்’ வந்து அமர்ந்தது. சொல் பழையது, அதை வாசலில் சொல்லும் வழக்கம் முயன்று பரப்பப்பட்டது. உயிரின்பன் என்று அழைத்தோர் சிலர். வணக்கம் என்றவர்க்கோ எதிரே நின்றவர் கைகூப்பி அச்சொல்லையே திருப்பிச் சொன்னார்.