எழும்பவிடாத அன்பு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற தாதியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று காலை இந்த மண்டபப் படிகளில் நாங்கள் ஏறி வந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மணி அடித்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவிய கால்கள் இன்று கைபிடியைத் தேடின. அது வயதின் இயல்பு. நான் பேச வந்தது வேறு ஒன்றைப் பற்றி: ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில நாட்களிலேயே பறிபோகும் பலத்தைப் பற்றி.

கற்பிட்டியில் என் உம்மா எண்பது வயது கடந்தும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவார், முற்றம் கூட்டுவார், ஐந்து நேரமும் நின்று தொழுவார். ஒரு மழைக்காலத்தில் நிமோனியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். மருந்து நன்றாக வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, மூச்சும் சீரானது, டிக்கட் வெட்டினார்கள். ஆனால் வாகனத்தில் ஏற்ற இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வாட்டில் நெருக்கம், தாதிமாருக்கு நேரமில்லை என்று சொல்லி நான் தப்பலாம். ஆனால் அந்த ஒன்பது நாளும் கட்டிலருகே இருந்தது நான். முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள். உம்மா எழும்பப் பார்த்த ஒவ்வொரு முறையும், "படுங்க உம்மா, விழுந்திடுவீங்க" என்று தடுத்தது நான்தான். கரண்டியால் கஞ்சி ஊட்டியதும், முகம் கழுவக் கட்டிலுக்கே பேசினைக் கொண்டு வந்ததும் நான்தான். அதை அன்பு என்று நினைத்தேன்.

படுக்கையின் ஆபத்தை வைத்தியர்கள் அறியாமல் இல்லை. 1947இலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதி எச்சரித்தார். அமெரிக்காவில் செய்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், நோயில்லாத முதியவர்கள் சிலர் பத்து நாள் கட்டிலில் இருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள்.

நோயாளியின் நிலை இதிலும் மோசம். கிருமியோடு போராட உடம்பு தன் தசையிலிருந்தே புரதத்தை எடுக்கிறது. வாய்க்கு உணவு பிடிக்காது. பரிசோதனைக்காகப் பட்டினி வேறு. இளம் வயதில் இந்த இழப்பு விரைவில் ஈடாகும். முதுமையில் மெதுவாகத்தான் ஈடாகும், சில நேரம் ஆகவே ஆகாது. 70 வயதைத் தாண்டிய உள்ளக நோயாளரிடம் அமெரிக்காவில் செய்து 2003இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவர் குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடக் காரியங்களில் முன்பைவிடத் தளர்ந்தே வீடு திரும்பினார்கள்.

இதைத் தடுக்கவும் முடியும். ஸ்பெயினில் 75 வயதுக்கு மேற்பட்ட 370 நோயாளரிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. காலையும் மாலையும் இருபது நிமிடம் அளவில் உடற்பயிற்சி செய்தவர்கள் தளரவில்லை; வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்கள் தளர்ந்தார்கள்.

எங்கள் வாட்டுகளில் நாங்கள் என்ன செய்யலாம்? முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்: "எழுப்பலாமா? எவ்வளவு நடக்கலாம்?" எலும்பு முறிவு, இரத்த அழுத்தம் இறங்குதல் போன்றவற்றுக்கு வேறு விதி உண்டு. அனுமதி கிடைத்தால், சாப்பாட்டைக் கதிரையில் இருத்திக் கொடுங்கள். எழுப்புமுன் கட்டில் ஓரத்தில் சற்று இருக்க விடுங்கள். தலைச்சுற்று இல்லை என்றால் கைபிடித்து மலசலகூடத்துக்கு நடத்துங்கள். சிறுநீர்க் குழாயும் சேலைனும் இன்னும் தேவையா என்று நாள்தோறும் கேளுங்கள். கண்ணாடி, பல்செட், காது மெஷின், வழுக்காத செருப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். கஞ்சியோடு நிறுத்த வேண்டாம். எங்கள் கரையில் மீனுக்கு என்ன குறை? மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் தசைக்கு உரம். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக் கொடுங்கள்.

2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் எட்டுப் பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருந்தார். பிள்ளைகள் பலர் வெளிநாட்டில். தோஹாவிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் தங்கைமாரே, உங்கள் உம்மாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது "காய்ச்சல் விட்டதா? சாப்பிட்டாங்களா?" என்று கேட்பீர்கள். மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "இன்றைக்கு எத்தனை தரம் எழும்பி நடந்தாங்க?" பக்கத்தில் இருப்பவர் அடுத்த நாள் அதற்குப் பதில் சொல்லவாவது எழுப்புவார்.

என் உம்மாவுக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி கதிரையிலிருந்து எழும்பி உட்காரப் பழக்கினோம். முதலில் மூன்று தரம், பிறகு ஐந்து, பிறகு பத்து. கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பின் ஒரு விடியலில், கதிரையைப் பிடித்தபடி சுபஹுத் தொழுகையின் இரண்டு ரக்அத்தையும் நின்று தொழுதார். மற்ற நேரத் தொழுகைகளைக் கடைசிவரை கதிரையில் இருந்தே தொழுதார். கிணற்றடிக்குத் திரும்பவில்லை. ஒன்பது நாளில் போனதில் பாதிதான் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது.

"படுங்க உம்மா" என்று சொன்ன அத்தனை தரமும், "என் கையைப் பிடிங்க உம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள்.