வயிறு கட்டுவது எப்படி, எதுவரைக்கும்?

(கோபிசெட்டிபாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். உள்கடன் கேட்ட காரணம் எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பீஸ், ஆட்டுக்குட்டி, உரம். நடுவிலே "இடுப்பு பெல்ட்". விசாரித்தால், செல்போனில் விளம்பரம் வந்ததாம், கட்டினால் ஒரே மாதத்தில் இடுப்பு சிறுத்துவிடுமாம். வாங்கிய சகோதரிக்குப் பிரசவமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பிள்ளை பெத்தவளைப் பார்த்து, "என்னடி, வயிறு இன்னும் அப்படியே இருக்குது?" என்று கேட்பது நாம்தானே?

வயிறு கட்டுவது நமக்குப் புதுசு இல்லை. பச்சை உடம்புக்காரிக்குக் காத்து புகுந்துரும் என்று சொல்லி, அம்மிச்சி பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டிவிடுவார். மலேசியாவில் மலாய்ப் பெண்களும் நீளமான துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள், அதற்கு பெங்குங் என்று பெயர். காத்து புகுவது என்று ஒன்றும் கிடையாதுங்க. ஆனால் துணி கட்டினால் தளர்ந்த வயிற்றுக்கும் இடுப்புக்கும் ஒரு தாங்கல் கிடைக்கும், எழுந்து நடக்கச் சுலபமாக இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

கொழுப்பு மட்டும் கரையாது. பெல்ட்டுக்குள் வேர்ப்பது தண்ணீர்தான், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வாய்ப் பட்டையும் இரும்புப் பட்டையும் வைத்துத் தைத்த கார்செட்டை இறுக்கிக் கட்டினார்கள். வருஷக்கணக்கில் இறுக்கியதில் விலா எலும்பு வளைந்ததே தவிர, கொழுப்பு கரையவில்லை.

வயிறு தானாக உள்ளே போகுமா என்றால், பெரும்பகுதி போகும். குழந்தை பிறந்தவுடன் கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கு இருக்கும், எடை சுமார் ஒரு கிலோ. ஆறு வாரத்தில் அது சுருங்கி நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். இதைக் கயிறு போட்டு அவசரப்படுத்த முடியாது.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தூளி மாதிரி தாங்குகிற தசை ஒன்று இருக்கிறது. பிரசவத்தில் அது தளர்ந்து போயிருக்கும். அந்த நேரத்தில் நடுவயிற்றை இறுக்கினால் அழுத்தம் எங்கே போகும்? பல்துலக்கும் பேஸ்டை நடுவில் அழுத்தின மாதிரி மேலேயும் கீழேயும்தான். மேலே போனால் நெஞ்செரிச்சல், மூச்சு முட்டல். கீழே போனால் தூளிக்குத்தான் பாரம். இதோடு தண்ணிக்குடமும் மல்பெரித் தழைக்கட்டும் தூக்கினால் என்ன ஆகும்? "அடி இறங்கிருச்சு" என்று நம் பெண்கள் காதோடு காதாகச் சொல்வது இதைத்தான். இருமினால் சிறுநீர் கசிவது, பொழுது சாய்ந்தால் கீழே கனமாக இருப்பது, என்னவோ வெளியே வருகிற மாதிரி இருப்பது. பத்து வருஷம் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் நடவுக்குப் போகிற அக்காக்கள் உண்டு. ஆரம்பத்தில் காட்டினால் பயிற்சியோ, உள்ளே வைக்கிற வளையமோ போதுமாக இருக்கலாம். எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

கட்டத்தான் வேண்டும் என்றால் இப்படி ஆரம்பியுங்கள். சுகப்பிரசவம் என்றால், எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, நர்ஸ் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. மெத்தென்ற பருத்தித் துணி. மல்லாந்து படுத்து, இடுப்பெலும்பில் தொடங்கி மேலே சுற்றுங்கள். மேலே இறுக்கம், கீழே தளர்ச்சி என்று கட்டவே கூடாது. இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், மூச்சை முழுசாக இழுக்க வர வேண்டும். முதலில் பகலில் ஒரு மணி நேரம், ஒத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள். ஆறு, எட்டு வாரத்தோடு போதும்.

ஆபரேஷன் ஆனவர்கள் அறுத்த டாக்டர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன பெல்ட்டை மட்டும். தையல் மேல் ஈரத்துணி படக்கூடாது. தையல் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தப்போக்கு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, துணியை அவிழ்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. 108க்குப் போன் போடத் தயங்காதீர்கள்.

இன்னொன்று, மாமியார்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது. தண்ணி குடிச்சா வயிறு போடும் என்று சொல்லி, பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது தப்புங்க. மலச்சிக்கல் வரும், முக்குவாள், அதுவும் அதே தூளிக்குத்தான் பாரம்.

பெல்ட்டுக்குப் பதில் உள்ளே இருக்கிற தசையைக் கட்டுங்கள், காசு வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை மேலே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம், மூச்சை அடக்க வேண்டாம். 1948இல் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய பயிற்சி இது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், விளம்பரம் மாதிரி ஒரே மாதத்தில் இல்லை.

வயிற்றுக்கு: மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விட்டுக்கொண்டே தொப்புளை உள்ளே இழுங்கள். ஆறு வாரம் கழித்து, அதே நிலையில் தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தால் தசை விலகியிருக்கிறது. அவர்கள் தாங்களாகக் கடினமான வயிற்றுப் பயிற்சி செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பிரசவ காலம் தாண்டியவர்களுக்கும் இடுப்பளவு முக்கியம்தான், ஆனால் அழகுக்காக இல்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை இன்ச் தாண்டினால் சர்க்கரை, இருதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தையல் குழுவினர் இன்ச் டேப் கொண்டு வந்திருக்கிறார்கள். டீ இடைவேளையில் அளந்துகொள்ளலாம். தாண்டியவர்கள் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் இப்பவே கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்கக் கூச்சமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் பின் அறையில்தான் இருப்பேன்.